கொலுவில் படுத்துக்கொண்ட மீன்

படுத்திருக்கும் எதையும் நம் மக்கள் நம்புவதில்லை. விடுமுறை நாளில் பட்டப்பகலில் பாயை விரித்துப் பாருங்கள், "உடம்புக்கு என்ன?" என்று கேட்காமல் ஒருவரும் உங்களைத் தாண்டிப் போக மாட்டார்கள். தெருவில் சாய்ந்து கிடக்கும் சைக்கிள் யாருடையது என்றே தெரியாது. ஆனாலும் அதை நிமிர்த்தி வைத்தால்தான் நமக்கு அடுத்த அடி நகரும். மரம் சாய்ந்தால் சகுனம், கம்பம் சாய்ந்தால் புகார், ஆள் சாய்ந்தால் வதந்தி. நிற்பதுதான் ஒழுக்கம் என்று கட்டி எழுப்பிய இந்த உலகத்துக்கு எதிராக, புனேயில், சிஞ்ச்வட்டின் ஒரு மூன்றாம் மாடி ஃப்ளாட்டில், விரல் நீள மீன் ஒன்று ஒருமுறை படுத்துக்கொண்டது.

சும்மா படுத்திருந்தால் இதை எழுத வேண்டியதே இல்லை. அது கொலுவில் படுத்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்குக் கல்யாணமாகியும் சில வருடங்கள். கோயமுத்தூரிலிருந்து வந்து, தளேகாவில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். பகலெல்லாம் போல்ட்டுகளைச் சந்தேகப்படுவது வேலை. மிச்ச நேரத்தில் கவிதை எழுதுவது வியாதி. என் கவிதைகளில் கடல் வராத பக்கம் கிடையாது. கோயமுத்தூரில் கடல் இல்லை, புனேயிலும் கடல் இல்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் தோன்றவில்லை. பார்க்காத ஒன்றைப் பற்றி எழுதுவதில் ஒரு சௌகரியம், யாரும் திருத்த வர மாட்டார்கள்.

ஆனால் எழுதி எழுதி ஏக்கம் முற்றிப்போய், ஒருநாள் கடலையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பெரிய கண்ணாடித் தொட்டி, கடல்மீன் கடையில் விற்கிற உப்பு, குழாய்த் தண்ணீர். வாளி வாளியாகக் கரைத்தேன். (வசந்தி, என் மனைவி, விரலை விட்டு நக்கிப் பார்த்து, "ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் போடலாம்" என்றாள்.) தண்ணீர் பழகி, கல்லில் பாசி பிடித்து, கடைசியில் இரண்டு மீன்கள் வந்து சேர்ந்தன. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட க்ளவுன் மீன், நம் தமிழில் கோமாளி மீன். ஒரு கார்ட்டூன் படத்தைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்த குழந்தைகள் எல்லாம் அந்த மீனுக்குப் பைத்தியமாக இருந்த காலம் அது. எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. அந்தக் குறையை நானே நிரப்பினேன். பெரியதற்கு ராணி என்று பெயர் வைத்தேன். சின்னது எந்நேரமும் அதன் பின்னாலேயே அலைந்ததால் அதற்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை.

அவற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். தீப்பொறிகள் என்றேன், நீந்தும் செம்பருத்தி என்றேன். ஆனால் விளக்கணைத்த பிறகு அவை என்ன செய்கின்றன என்று மட்டும் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. இருட்டில் போய் மீன் பார்க்கிறவன் எவன்?

இப்போது கொலுவுக்கு வருகிறேன். வசந்தி புனேயிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பம். வேலூர்த் தமிழில் இந்தியைக் கரைத்து மராத்தியால் தாளித்த ஒரு மொழியை அந்த வீட்டில் பேசுவார்கள். (நான் "ஏனுங்க" என்று வாயைத் திறந்தாலே அவர்கள் வீட்டில் முதல் மூன்று வருடம் சிரிப்புத்தான்.) அந்த வீட்டின் சொத்து என்று இருந்தது ஒரு தகர ட்ரங்குப் பெட்டி. அதற்குள் பழைய வேட்டித் துணியில் சுற்றிய கொலுப் பொம்மைகள். அத்தையின், அதாவது என் மாமியாரின் பொம்மைகள்.

வசந்தியின் அக்கா ஜெயந்தி பத்து வயது மூத்தவர். பொம்மைகளைத் துடைப்பது, படியில் ஏற்றுவது, இறக்குவது எல்லாம் வருடாவருடம் ஜெயந்தி அண்ணிதான். (மனைவியின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.) "நீ சின்னவ, கீழ போட்ருவே" என்று வசந்தியைச் சுண்டல் கிண்ணத்தோடு அடுப்படியிலேயே நிறுத்திவிடுவார்கள். கல்யாணமாகி வந்த பிறகும் அவளைத் தொட விட்டதில்லை. அந்த வருடம் அத்தைக்கு முழங்கால் ஒத்துழைக்க மறுத்தது. "என்னால முடியல. பொம்மைங்கள இந்த வருஷம் சின்னவ வூட்ல வெச்சிப் பார்ப்போம். நல்லபடியா நடந்தா இனிமே அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். வசந்தி அன்று அழுத அழுகை, ட்ரங்குப் பெட்டி துருப்பிடிக்கும் அளவுக்கு இருந்தது.

அண்ணிக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிற முதிர்ச்சி எனக்கு அப்போது இல்லை. அவர் சட்டத்தை மட்டும் ஞாபகப்படுத்தினார்.

"இங்க பாரு வசந்தி. படியில ஒருதடவ வெச்சத முடியிற வரைக்கும் நகர்த்தக் கூடாது. விஜயதசமி அன்னிக்குத்தான் ஒரு பொம்மையப் படுக்க வெக்கணும். அதுக்கு முந்தி எதுனா ஒன்னு படுத்துச்சின்னா, கொலு அன்னிக்கே முடிஞ்சிடுச்சின்னு அர்த்தம். பாதியில முடிஞ்ச கொலுவ யாரும் மறு வருஷம் அந்த வூட்ல வெக்க மாட்டாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

"பெட்டி நேரா என் வூட்டுக்கு வந்துடும். அதுவும் தெரியுமில்ல?"

எல்லாம் தெரிந்த நிலையில்தான் நான் அந்த யோசனையைச் சொன்னேன். கொலுவின் காலடியில் பூங்கா வைப்பார்கள் இல்லையா, மணலைக் கொட்டி, கடுகு முளைக்க வைத்து, நடுவே முகம் பார்க்கும் கண்ணாடியைப் போட்டுக் குளம் என்பார்கள். "ஊரெல்லாம் கண்ணாடியில குளம் வெக்குது. நாம கடலையே வெப்போம்" என்றேன். தொட்டி எப்படியும் நகர்த்த முடியாத கனம். அதை ஒட்டியே படிகளைக் கட்டினோம். மேலே தெய்வங்கள், நடுவே செட்டியாரும் செட்டியாரம்மாவும், கீழே நீல வெளிச்சத்தில் உயிரோடு இரண்டு நெருப்புத்துண்டுகள். முதல் நாள் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியில் பாதிப்பேர் வந்து வாய் பிளந்தார்கள். நான் கடலைப் படைத்தவன் போல ஓரமாக நின்று சிரித்தேன்.

வியாழக்கிழமை எங்கள் பக்கம் கரண்ட் போகிற நாள். அந்த வியாழன் சாயங்காலம் அண்ணி கட்கியிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து மேற்பார்வைக்கு வந்திருந்தார். தேங்காய்த் துருவல் மேலே தூவிய சுண்டலை அவர் கையில் கொடுத்த அதே கணத்தில் வீடு இருண்டது. குத்துவிளக்கு மட்டும் எரிந்தது. பேட்டரியில் ஓடும் குட்டிப் பம்ப் கொரகொரத்தது.

ராணி மெல்ல மேலே வந்தது. கண்ணாடியின் மூலையைத் தேடி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நின்று, வாலைத் தாழ்த்தியது. பிறகு, பழுத்த இலை காம்பில் தளர்வதைப் போல, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. முழுசாகப் படுத்தேவிட்டது. பக்கத்துத் துடுப்பு ஒன்று மட்டும், தூக்கத்தில் விசிறி போடும் கை போல, அசைந்துகொண்டே இருந்தது. சின்னது வழக்கம்போலப் பின்னாலேயே வந்து, அதன் வயிற்றோரம் கோணலாக ஒட்டிக்கொண்டது.

"இன்னாடி இது, மீனு படுத்துக்கினு இருக்குது?" என்றார் அண்ணி.

"அதுக்கொண்ணும் ஆகலீங்க அண்ணி, மூச்சு விடுதுங்க பாருங்க" என்றேன் நான், டார்ச்சை அடித்தபடி. வெளிச்சம் பட்டதும் ராணி துள்ளி நிமிர்ந்து, ஏதோ அவமானப்பட்டதுபோல் கல்லுக்குப் பின்னால் போய்விட்டது.

"தம்பி, உசுரு இருக்குதா இல்லையான்னு நான் கேக்கல. கொலுவுல ஒன்னு படுத்துடுச்சா இல்லையா? அதான் கேள்வி."

"அது பொம்மை இல்லீங்களே."

"கொலுவுல வெச்சா அதுவும் பொம்மதான். வெச்சது யாரு? நானா வெச்சேன்?"

வசந்தியின் கையிலிருந்த தட்டு சரிந்து, சுண்டல் உருண்டது.

அண்ணி ஒரு பெருமூச்சு விட்டார். "இன்னிக்கு நான் மட்டும்தான் பார்த்தேன். பார்க்கலன்னு வெச்சிக்கிறேன். சரஸ்வதி பூஜை அன்னிக்கு அம்மா வர்றாங்க. அம்மா எதுர்க்க இது படுத்துச்சின்னா, நான் ஒன்னுமே சொல்லத் தேவையில்ல. பெட்டியத் துடைச்சி ரெடியா வெச்சிடு."

அவர் போன பிறகு வசந்தி கேட்டாள். "தொட்டிய நகர்த்திடலாமா?"

"வெச்சத நகர்த்தக் கூடாதுன்னாங்களே."

"துணி போட்டு மூடிடலாமா?"

"அப்புறம் கடலுக்கு என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. வத்திப்போச்சுன்னா சொல்ல முடியும்?"

"உங்களால இன்னாதான் முடியும்?" என்றாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் நான் என் தொழில் திறமையைக் காட்டத் தொடங்கினேன். அனர்த்தம் அங்கேதான் ஆரம்பம்.

எங்கள் தரக்கட்டுப்பாட்டில் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பொருள் பழுதானாலும் அதற்கு ஒரு படம் வரைய வேண்டும். நடுவே நீளமாக ஒரு கோடு, அதன் முனையில் கோளாறு, இருபுறமும் சாய்ந்த கிளைகளாகக் காரணங்கள். பார்க்க மீன் எலும்புக்கூடு போல இருப்பதால் அதற்கு மீன்முள் படம் என்றே பெயர். மறுநாள் தளேகாவ் போகும் லோக்கலில் உட்கார்ந்து ராணிக்கு மீன்முள் படம் வரைந்தேன். மீனுக்கே மீன்முள் போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, டப்பாவில் என்ன கொண்டுபோகிறீர்கள் என்று இந்தியில் விசாரித்தார்.

கிளைகளை ஒவ்வொன்றாக அடித்தேன். தண்ணீரா? இல்லை. தீனியா? இல்லை. உப்பா? இல்லை. மிஞ்சியது ஒன்றே ஒன்று. கரண்ட் போனபோதுதான் படுத்தது, டார்ச் அடித்ததும் எழுந்தது. ஆக, மூல காரணம் இருட்டு. மூல காரணத்தை ஒழித்தால் கோளாறு ஒழியும். இருட்டே இல்லாமல் செய்துவிட்டால் படுக்கையே இருக்காது! ரயில் தளேகாவ் நிலையத்தில் நுழைந்தபோது, உலகத்தின் முதல் விளக்கை நானே ஏற்றப்போவதுபோல் இறங்கினேன்.

தூக்கம் என்று ஒரு கிளையை நான் வரையவே இல்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். போல்ட்டுகள் தூங்குவதில்லை, பழக்க தோஷம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சூரியன் அஸ்தமிக்கவில்லை. தொட்டி விளக்கு, அதற்கு மேல் ட்யூப் லைட், கரண்ட் போனால் எடுக்க எமர்ஜென்ஸி லைட். ராணி மூலையை நோக்கி லேசாகத் தளர்ந்தால் போதும், கண்ணாடியை விரலால் தட்டுவேன். அது திடுக்கிட்டு நிமிரும். நான் வெற்றிப் பெருமிதத்தோடு இன்னொரு காபி குடிப்பேன்.

"நீங்க இன்னா வாட்ச்மேனா? வந்து படுங்க" என்பாள் வசந்தி.

"உன் பொம்மைக்காகத்தான்" என்பேன். அவள் ஒரு போர்வையைக் கொண்டுவந்து என் தோளில் போட்டுவிட்டுப் போவாள்.

மீன்கள் நிறம் மங்கின. தீனியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பின. ஒன்றின் பின்னால் ஒன்று பிரியாமல் திரிந்த இரண்டும் ஒன்றையொன்று கடிக்கப் பாய்ந்தன. நானும் வசந்தியும்கூட அப்படித்தான் இருந்தோம் என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொழிற்சாலையில் நல்ல போல்ட்டுகளை நிராகரித்து, கோணல் போல்ட்டுகளை "பாஸ்" போட்டேன். வீடு திரும்பும் லோக்கலில் நின்றபடியே கண்ணயர்ந்து சிஞ்ச்வட்டைத் தாண்டிக் கட்கி வரை போய்விட்டேன். மாமியார் வீட்டுக்கு வந்தீர்களா என்று தெரிந்தவர் ஒருவர் கேட்க, ஆமாம் என்று சொல்லி, வேறு வழியில்லாமல் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

சரஸ்வதி பூஜை வந்தது.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு, ஓடும் என்று யாரும் வாக்குக் கொடுத்ததில்லை. அத்தையை நாற்காலியில் உட்கார வைத்து, அண்ணியின் கணவரும் நானுமாக மூன்று மாடி தூக்கினோம். "மெதுவா மாப்ளே, மெதுவா. சாமி பொறப்பாடு மாதிரி இருக்குது. மேளந்தான் பாக்கி" என்று மேலேயிருந்து குரல் வந்தது. சகலை என் காதில், "நீங்க ரெண்டு நாளா தூங்கலையா? நாற்காலி உங்க பக்கமே சாயுது" என்றார்.

கொலுவின் முன்னால் நாற்காலியை இறக்கினோம். அத்தை மேல் படியிலிருந்து கீழ்ப்படி வரை, ஒவ்வொரு பொம்மையாகப் பார்த்தார். வசந்தி முந்தானை நுனியைத் திருகியபடி நின்றாள். அண்ணி சுவரோரம் கைகட்டி நின்றார்.

"செட்டியார இந்தப் பக்கம் திருப்பி வெச்சது நல்லாருக்குது" என்றார் அத்தை கடைசியில். "என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரு." பிறகு கண் கீழே இறங்கியது. "அட! இதுங்க நெசமாவே உசுரோடவா இருக்குது?"

வசந்தியின் முகத்தில் விளக்கு ஏறியது. விழித்தபடி நின்றிருந்த இரண்டு மீன்களையும் பார்த்து என் நெஞ்சு நிமிர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம், இந்த ஒரு சாயங்காலம் தாண்டிவிட்டால் போதும்.

விருந்தாளிகள் வந்தார்கள். கட்கி உறவுகள், சொசைட்டிப் பெண்கள், மேல்மாடிக் காக்கு. (மராத்தியில் சித்தியைக் காக்கு என்பார்கள். எங்கள் கட்டடத்தில் எல்லோருக்குமே அவர் காக்குதான்.) நான் தொட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் எமர்ஜென்ஸி லைட்டோடு காவல் காத்தேன். பட்டுப்புடவைகள் சரசரத்தன. மல்லிகையும் தாளித்த தேங்காயும் கலந்து ஒரு வாசனை அறையைத் தொட்டிலாக ஆட்டியது. பம்ப் கொரகொரவென்று ஒரே ஸ்வரத்தில் பாடியது. ஒரே ஒருமுறை கண்ணை மூடித் திறக்கலாம் என்று தோன்றியது.

மூடியது ஞாபகம் இருக்கிறது.

"ஐயையோ, ரெண்டும் படுத்துடுச்சி!" என்று அண்ணியின் குரல் எங்கிருந்தோ கேட்டது.

"ரெண்டு இல்லக்கா," என்றது வசந்தியின் குரல், அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் எங்கோ. "மூணு."

கண்ணைத் திறந்தேன். என் இடது கன்னம் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. வாய் திறந்திருந்தது. (கண்ணாடியில் அதற்கான ஈரச் சாட்சியம் இருந்தது.) மடியிலிருந்த லைட் என் வேட்டிக்குள் சரிந்து, உள்ளிருந்து ஒளி வீசிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் மூக்குக்கு நேர் எதிரே, நான் சாய்ந்திருந்த அதே கோணத்தில், அத்தனை விளக்கு வெளிச்சத்திலும் சாய்ந்து கிடந்தது ராணி. அதன் மேல் சின்னது. எதிரே ஒரு ஊர்வலமே நின்று எங்கள் மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஷ்ஷ்! ஜோப்லேத் தே" என்றார் காக்கு, உதட்டில் விரல் வைத்து. தூங்குகிறார்கள் என்று அர்த்தம்.

"தூங்குறதுதான் தப்பே!" என்றார் அண்ணி. "அம்மா, நான் வாயத் தொறக்கல. நீங்களே பார்த்துக்குங்க. நாளைக்குத்தான் விஜயதசமி. இன்னிக்கே படுத்துடுச்சி. கொலு முடிஞ்சிடுச்சி."

வசந்தி ட்ரங்குப் பெட்டி இருந்த மூலையைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

எழுந்து நின்றேன். வேட்டிக்குள்ளிருந்து லைட்டை எடுத்தேன் (இரண்டு பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்). "தப்பு மீனு மேல இல்லீங்க அத்தை, எம்மேலதானுங்க" என்றேன். "வியாழக்கிழமை இருட்டுல அது சாஞ்சு படுத்துச்சுங்க. கோளாறுன்னு நெனச்சு, தூங்கவே விடாம லைட்டப் போட்டு வெச்சிருந்தேனுங்க. நானும் முழிச்சிருந்தேன், அதுவும் முழிச்சிருந்துச்சுங்க. இப்ப ரெண்டு பேருக்கும் தாங்கலீங்க. நான் கண்ணாடில சாஞ்சேன், அதுவும் கண்ணாடில சாஞ்சுது. அது தூங்குற விதமே அதுதானுங்க. என்னைய யாரும் செத்துட்டான்னு சொல்லலீங்களே?"

"சொல்ல இருந்தேன்" என்றார் சகலை.

"தம்பி, அது எப்டி தூங்குனா எனக்கின்னா? கொலுவுல எதுவும் படுத்திருக்கக் கூடாது. அதான் சட்டம்" என்றார் அண்ணி.

அப்போதுதான் வசந்தி வாயைத் திறந்தாள். சுண்டல் கிண்ணத்தோடு அடுப்படியில் நிறுத்தப்பட்ட அத்தனை வருடங்களும் அந்தக் குரலில் இருந்தன.

"மேல் படியில அது யாருக்கா?"

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். பாம்பணையில் கைத்தலம் தலைக்கு வைத்து, கால் நீட்டி, சாவகாசமாகப் படுத்திருந்தார் பெருமாள்.

"முதல் நாள்லேர்ந்து படுத்துக்கினுதான் இருக்காரு. நீயே உன் கையால வருஷா வருஷம் படுக்க வெச்சிருக்கே. அப்ப அத்தினி வருஷமும் கொலு முதல் நாளே முடிஞ்சிடுச்சா?"

யாரோ 'க்ளுக்' என்றார்கள். அண்ணி சளைக்கவில்லை. "அரே, அது சாமிடி! படுத்துக்கினே கண்ணு முழிச்சி ஒலகத்தப் பார்த்துக்கிறாரு. இது இன்னா பார்க்குது?"

"கிட்ட வந்து பாரு. இதுவும் கண்ண மூடலக்கா."

உண்மை. மீனுக்கு இமை ஏது? ராணி படுத்தபடியே, வட்டக் கண்ணை அகலத் திறந்து, எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"அறிதுயில்" என்றேன் நான். எல்லோரும் திரும்பினார்கள். "தூங்கற மாதிரி இருந்துட்டே எல்லாத்தையும் அறிஞ்சுட்டு இருக்கறதுங்க. பெருமாளோட தூக்கத்துக்கு அதுதானுங்க பேரு. அவரும் கடல்ல, இதுவும் கடல்ல." என் தமிழ் ஒரு குடும்பத்துக்கு உபயோகப்பட்டது அதுவே முதல் முறை.

அத்தை சிரிக்க ஆரம்பித்தார். முதலில் சத்தமில்லாமல், பிறகு நாற்காலி கிரீச்சிட. "மாப்ளே, மொதல்ல அந்த லைட்டெல்லாம் பந்த் பண்ணுங்க. பாவம், பெருமாளுக்கும் கண்ணு கூசும்."

ஒவ்வொன்றாக அணைத்தேன். குத்துவிளக்கு மட்டும் மிஞ்சியது. பொம்மைகளின் நிழல்கள் வளர்ந்து சுவரேறி, கூரையில் கூடி நின்றன. தொட்டி ஒரு கரிய கண்ணாக மாறியது. அதனுள்ளே, என் எந்தக் கவிதையிலும் சிக்காத ஏதோ ஒன்று, மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தது. அத்தனை பேரும் ஒரு தூங்கும் குழந்தையைச் சுற்றி நிற்பதுபோல் நின்றோம்.

அண்ணி முட்டிபோட்டுக் கண்ணாடிக்கு அருகே குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"துடுப்ப மட்டும் ஆட்டிக்கினே இருக்குது பாரு" என்றார், இப்போது குரல் வேறாக இருந்தது. "இவளும் சின்ன வயசுல இப்டிதான். கால ஆட்டிக்கினேதான் தூங்குவா. நிறுத்தனா முழிச்சிக்குவா. நான்தான் தூங்க வெப்பேன்."

"பெரியவளே," என்றார் அத்தை, "கொலுவுக்கு வந்தா ஒரு பாட்டுப் பாடணும். இன்னும் நீ பாடல."

அண்ணி எழுந்திருக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்து, தொட்டியின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, தணிந்த குரலில் ஒரு தாலாட்டுப் பாடினார். காக்குவுக்கு ஒரு சொல் புரியாது, அவரும் தலையாட்டிக் கேட்டார். வசந்தி அக்காவின் தோளில் போய்ச் சாய்ந்தாள். யாரும் அவளை நிமிர்த்தவில்லை.

மறுநாள் சாயங்காலம் செட்டியாரம்மாவைப் படுக்க வைத்து, கொலு முறைப்படி முடிந்தது. ட்ரங்குப் பெட்டி கட்கிக்குப் போகவில்லை, எங்கள் பரணில் ஏறியது. அதைத் தூக்கிக் கொடுத்தது அண்ணி. பிடிக்கத் தெரியாமல் பிடிக்கிறேன் என்று என்னைத் திட்டிக்கொண்டே கொடுத்தார்.

பிறகு ஒருநாள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து முறையாகப் படித்தேன். கடலில் இந்த மீன்கள், பூவைப்போலக் கை விரித்திருக்கும் ஓர் உயிரின் மடியில் ஒண்டித் தூங்குமாம். அந்த மடி கிடைக்காத தொட்டியில் ஒரு மூலையையோ, நீர்மட்டத்தையோ தேடிப்போய்ச் சாய்ந்தும் படுத்தும் கிடக்குமாம். மூச்சும் துடுப்பும் சீராக இருந்து, விளக்கு வந்ததும் எழுந்து தீனி தின்றால் கவலையே இல்லையாம். மீனை நான் புரிந்துகொண்டதெல்லாம் இவ்வளவுதான். மற்ற எல்லாவற்றையும் கண்ணாடியில் ஒட்டிய என் கன்னம் முன்பே கண்டுபிடித்திருந்தது.

கொலுவுக்கு வருடம் ஒரு புதுப்பொம்மை சேர்க்க வேண்டும். மறு வருடம் அண்ணி ஒரு பொட்டலத்தோடு வந்தார். கட்கியில் கணபதி செய்கிறவரிடம் சொல்லிச் செய்தது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை, ஒரு பக்கமாகப் படுத்த களிமண் மீன். "மேடம், மச்லி கடீ ரஹேகி தோ அச்சா திகேகா, நின்னா நல்லாருக்கும்னு அவன் ஸ்டாண்டு மேல ஸ்டாண்டு வெக்கிறான். சோயீ ஹுயீ சாஹியே பையா, தூங்கறதுதான் வேணும்னு ஒரே சண்ட" என்று பெருமையாகச் சொன்னார். அதைத் தன் கையால் வைக்காமல் வசந்தியிடம் நீட்டினார். "நீயே வெய்யி."

ராணியும் அதன் நிழலும் நெடுநாள் வாழ்ந்து போய்ச் சேர்ந்தன. களிமண் மீன் மட்டும் இன்றைக்கும் கொலு வைத்தால் முதலில் படியேறுகிறது. விஜயதசமிதான் சிக்கல். நிற்கிற பொம்மை ஒன்றைப் படுக்க வைக்கலாம். ஏற்கெனவே படுத்திருப்பதை என்ன செய்வது? அதற்கும் எங்கள் குடும்பத்தில் சட்டம் போட்டாகிவிட்டது. ஆரத்தி முடிந்து, செட்டியாரம்மாவைப் படுக்க வைத்ததும், எல்லோரும் கைதட்டிச் சிரிக்க, அண்ணி அந்த மீனை எடுத்துச் சுவரில் சாய்த்து நிமிர்த்தி நிறுத்துவார்.

"எந்திரிமா," என்பார் அதனிடம். "எல்லாரும் படுக்கப் போறாங்க. இனிமேதான் உன் ட்யூட்டி."